பிரசிடெண்ட் மவுசு ஏன் இறங்குகிறது?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், படப்பையைச் சுற்றியுள்ள ஊர்களில் ‘பிரசிடெண்ட்’ என்று சொன்னால் யாரும் வெள்ளை மாளிகையை நினைப்பதில்லை. ஊராட்சித் தலைவர்தான் பிரசிடெண்ட். ஓட்டு எண்ணி முடித்த அன்று இரவு வெடியும் பேண்டுமாக ஊர்வலம், தோள் கொள்ளாத அளவுக்குச் சால்வை. இரண்டு வருஷம் போகட்டும். அதே தெருவில் அவர் பேரை எடுத்தால், “ஜெயிச்சு என்னத்தக் கிழிச்சாரு?” என்கிறார்கள். இதற்கு நம்மிடம் தயாராக ஒரு விளக்கம் இருக்கிறது: நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆள் மாறிவிட்டார், காசு பார்க்க ஆரம்பித்துவிட்டார். பல ஊர்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆள் கொஞ்சமும் மாறாமல் இருந்திருந்தாலும் மவுசு இறங்கியே இருக்கும் என்பது என் வாதம். இறக்கத்துக்கான காரணத்தில் பாதி, அவர் ஜெயித்த விதத்திலேயே இருக்கிறது. மீதிப் பாதி, அந்தப் பதவிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகார எல்லையில் இருக்கிறது.

ஊராட்சித் தலைவருக்கு மக்களிடம் எத்தனை சதவீத ஆதரவு என்று மாதாமாதம் கணக்கெடுக்க இங்கே ஆள் கிடையாது. அமெரிக்காவில் அதிபருக்கான அந்தக் கணக்கை காலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருகிறது. 1945-ல் பதவிக்கு வந்த ட்ரூமனுக்குத் தொடக்கத்தில் 87 சதவீத ஆதரவு; 1952-ல் அது 22. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு 90 சதவீதத்தைத் தொட்டார். 2008 இறுதியில் 25-க்கு வந்து நின்றார். இந்த எண்களை வைத்து ஜான் முல்லர் என்ற அரசியல் அறிஞர் 1970-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு தலைவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் ஏதோ ஒரு சிறு கூட்டத்தைப் பகைத்துக்கொள்கிறது. இந்தச் சிறு கூட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் எதிர்ப்பாளர்களே பெரும்பான்மை ஆகிவிடுகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது. பொருளாதாரம், போர் போன்றவற்றையும் அவர் கணக்கில் எடுத்தார். ஆனால் ஊராட்சி அளவுக்கு அப்படியே பொருந்துவது இந்தச் சிறு கூட்டக் கணக்குதான்.

முதலில் தொடக்க உயரத்தைப் பார்ப்போம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ போன்ற சின்னங்களில் நான்கைந்து பேர் நின்றால், மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வாங்கியவர்கூட ஜெயித்துவிடலாம். அந்த மூன்றில் ஒரு பங்கும் ஒரே காரணத்துக்காக விழுந்த ஓட்டு அல்ல. சொந்த பந்தம் கொஞ்சம், எதிரில் நின்றவர் மேல் கோபம் கொஞ்சம், புதிதாக முளைத்த நகர்களில் “ரோடு போட்டுத் தர்றேன்” என்ற வாக்கை நம்பியவர்கள் கொஞ்சம். மறுநாள் காலை நடப்பதுதான் வேடிக்கை. தோற்றவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் சால்வையோடு வந்து நிற்பார்கள். நாளைக்கு ஒரு காரியம் ஆக வேண்டுமே! அன்றைக்கு ஊரே அவர் பக்கம் இருப்பதுபோல் தெரிவது ஊதிப் பெருத்த கணக்கு. பிறகு இறங்குவதில் ஒரு பங்கு, அவருடைய உண்மையான பலத்துக்கு அவர் திரும்பி வருவதுதான்.

இந்தப் பகுதியில் அந்த வீக்கத்துக்குக் கூடுதல் காரணமும் இருந்தது. 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு உள்ளிட்ட 9 மாவட்டங்களில் அடுத்த ஊரகத் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் தனி அலுவலர் ஆட்சி. அந்த ஐந்து ஆண்டுகளில் எரியாத விளக்குக்கும் அடைத்த கால்வாய்க்கும் எந்தத் தெருவும் தனி அலுவலரைப் பேர் சொல்லித் திட்டியதில்லை; அவர் யாரென்றே பலருக்குத் தெரியாது. புதுத் தலைவர் வந்ததும், தேங்கிக் கிடந்த அத்தனை மனுக்களும் ஒரே மேஜைக்கு வந்து சேர்ந்தன.

மேஜைக்கு வந்த மனுவைத் தீர்த்தால் பேர் வருமா? ஒரு குப்பைக் கொட்டகையை எடுத்துக்கொள்ளுங்கள். தூய்மைக் காவலர்கள் வீடு வீடாக வாங்கும் குப்பையைத் தரம் பிரிக்க ஓர் இடம் வேண்டும் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. அந்த இடம் எது என்று முடிவான அன்று, அதை ஒட்டியுள்ள இருபது வீடுகள் ஜென்ம விரோதி ஆகின்றன. மற்ற ஆயிரம் வீடுகளுக்குத் தெரு சுத்தமாக இருக்கிறது. ஆனால் சுத்தமான தெருவுக்காக யாரும் கிராம சபைக்கு வந்து கைதட்டுவதில்லை. வீட்டு வரி பாக்கியைக் கேட்டாலும், கடைத்தெரு ஆக்கிரமிப்பை எடுத்தாலும் இதே கதைதான். நன்மை ஊர் முழுக்கப் பரவிக் கரைந்துவிடும். நஷ்டம் மட்டும் ஒரு வீட்டு வாசலில் குவிந்து நிற்கும். நஷ்டப்பட்டவர் அடுத்த தேர்தல் வரை மறக்கமாட்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல் அதிகார எல்லை. படப்பை வழியாகப் போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. பட்டா வருவாய்த் துறை. மனைப்பிரிவுக்கு அனுமதி சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. ரேஷன் கடை கூட்டுறவுத் துறை. தெருவிளக்கில்கூட, பல்பு ஊராட்சியுடையது, கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. பல்பு போனால் தலைவர் மாற்றலாம். கம்பியில் மின்சாரம் வராவிட்டால் அவரும் நம்மைப்போல லைன்மேனுக்குப் போன் செய்ய வேண்டியவர்தான். ஏரி விஷயம் இன்னும் விசித்திரம். ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் அது ஊராட்சி ஒன்றிய ஏரி. அதற்கு மேல் போனால் நீர்வளத் துறை ஏரி. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வரதராஜபுரத்தையும் முடிச்சூரையும் மூழ்கடித்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நிற்பவர், கலங்கல் வழியே வரும் தண்ணீர் எந்தத் துறையின் ஏரியிலிருந்து வருகிறது என்று விசாரித்துவிட்டா திட்டுவார்? அவருக்குத் தெரிந்த அரசாங்கம் நடந்துபோய்க் கதவைத் தட்டக்கூடிய தூரத்தில் இருக்கும் பிரசிடெண்ட்தான்.

பணமும் அவர் இஷ்டத்துக்கு இல்லை. 15-வது நிதிக் குழு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவிட வேண்டும் என்று கட்டிப்போட்டுவிட்டது. ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் துணைத்தலைவரும் ஒப்புதல் தர வேண்டும். துணைத்தலைவர் வார்டு உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், பல ஊர்களில் எதிரணிக்காரர். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் டேங்க் ஆபரேட்டர் சம்பளம்கூட நின்றுபோகும். தகராறு முற்றினால் முடிவு கலெக்டர் கையில். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவரை நீக்கும் நடவடிக்கையைத் தொடங்க கலெக்டருக்கு இடம் தருகிறது. இத்தனைக்கும் மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய். தேர்தலில் அவர் இதையெல்லாம் சொல்லியா ஓட்டுக் கேட்டார் என்று நீங்கள் கேட்கலாம். சொல்லவில்லைதான். சொல்லியிருந்தால் அடுத்த வேட்பாளர் ஜெயித்திருப்பார்.

“ஊழலை மறைக்க நல்ல வக்காலத்து” என்று இதற்கு எதிர்வாதம் வரும். டெண்டரில் கமிஷன், பைப் கனெக்‌ஷனுக்குக் கூடுதல் காசு என்பதெல்லாம் ஊரறிந்த புகார்கள். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊழல்தான் இறக்கத்துக்கு மூலகாரணம் என்றால், கை சுத்தமானவர்கள் இறங்கக் கூடாது. அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் மேல் எந்தப் பணப் புகாரும் நிரூபிக்கப்பட்டதில்லை. 1977-ல் 75 சதவீதமாக இருந்த அவருடைய ஆதரவு 1979-ல் 28 ஆனது. ஊழலும் தவறான முடிவுகளும் இறக்கத்தின் வேகத்தைக் கூட்டுகின்றன. இலங்கையில் கோட்டாபய ராஜபக்ஸ 2019 நவம்பர் அதிபர் தேர்தலில் 52.25 சதவீத ஓட்டோடு, தமிழர் பகுதிகளின் ஆதரவே இல்லாமல் ஜெயித்தார். அடுத்த மாதமே மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார். 2021-ல் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. 2022 ஜூலையில் நாட்டை விட்டு ஓடினார். அவருக்கு ஓட்டுப் போட்ட சிங்கள விவசாயிகளே உரத் தடைக்கு எதிராகத் தெருவுக்கு வந்தார்கள். சாதாரணத் தலைவர் ஐந்து வருஷத்தில் இறங்கும் படிகளை அவர் மூன்று வருஷத்துக்குள் உருண்டார்.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் இளங்கோ 1996-ல் ஜெயித்தார், 2001-ல் மறுபடியும் ஜெயித்தார். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறையில் சண்முகமும் அதே பத்து ஆண்டுகள் தலைவர்; அந்த ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கியது. இவர்கள் பேர் எப்படி நிலைத்தது? நல்லது செய்தார்கள் என்பது பாதி பதில்தான். நல்லது செய்து தோற்றவர்களும் உண்டு. குத்தம்பாக்கத்தில் நடந்ததைக் கவனித்தால் மீதி விளங்கும். முதல் பதவிக்காலத்தில் மாவட்ட நிர்வாகம் இளங்கோவைத் தற்காலிகமாக நீக்கியது. அவர் கிராம சபையைக் கூட்டிக் கணக்கை முன்வைத்தார், சபை அவர் பக்கம் நின்றது. முடிவை ஊரே எடுத்ததாக ஆக்கிவிட்டால், அதனால் வரும் பகையும் ஊருக்குள் பிரிந்துவிடுகிறது. அதோடு, தன் கை எதுவரை நீளும் என்பதும் ஊருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

அந்த வழி படப்பைப் பக்கம் அவ்வளவு சுலபமில்லை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்க வேண்டும். ஜனவரி 26-ம் தேதி கூட்டத்துக்குப் புதிய நகர் ஒன்றில் குடியிருப்பவர் வருவாரா? ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்டு, அல்லது தாம்பரத்தில் ரயில் பிடித்து நகரத்துக்குள் வேலை. கிடைக்கும் விடுமுறையில் தூங்கத்தான் நேரம். பழைய ஊர்க்காரர்கள் நூறு பேர் உட்கார்ந்து தீர்மானத்தில் கையெழுத்திடுவார்கள். புதிதாக வந்தவர் தலைவரைப் பார்ப்பது, மழைக்காலத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் சேற்றுத் தெரு போட்டோவின் கீழே இருக்கும் வசைகளில் மட்டும்தான். ஆள் அதிகமாகக் குடியேறும் ஊரில் மவுசு சீக்கிரம் இறங்குவதற்கு, தலைவரின் குணத்தைவிட இந்த இடைவெளி பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஊராட்சியே வேண்டாம், நகராட்சியோ மாநகராட்சியோ ஆனால் சரியாகிவிடும் என்பவர்கள் பக்கத்தில் தாம்பரத்தைப் பார்க்கலாம். 2021 நவம்பரில் மாநகராட்சியான அங்கே மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை; 2022-ல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். தெருவில் தண்ணீர் தேங்கினால் திட்டு கவுன்சிலருக்கு, மண்டல அலுவலகத்துக்கு, கமிஷனருக்கு என்று பிரிந்து போகிறது. மேயருக்கு வந்து சேர்வது சொற்பம். மேயருக்கு அது வசதி. தண்ணீர் தேங்கிய வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு பைசா லாபம் இல்லை. யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அவர் நிற்கிறார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பேர் கெட்டுப்போகும் பிரசிடெண்டையே நான் கேட்பேன். ஆனால் பல்போடு சேர்த்துக் கம்பத்தையும், ஏரியோடு சேர்த்துக் கலங்கலையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, அதன்பிறகு திட்டுவதுதான் நியாயம்.