கிளியை வீட்டிற்குக் கொண்டுவரும் முன் அறிந்திருக்க வேண்டியவை

தமிழர் வாழ்வில் கிளிக்குத் தனியிடம் உண்டு. மதுரை மீனாட்சியம்மனின் கையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளி அமர்ந்திருக்கிறது. ஊரில் வேம்பிலும் தென்னையிலும் கூட்டமாக வந்திறங்கும் பச்சைக்கிளிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள், லவாலில் பிள்ளைகளுக்காக ஒரு கிளியை வாங்க எண்ணுவது இயல்பே. ஆயினும் ஊரில் கிளியைப் பார்த்துப் பழகியது வேறு. நீண்ட குளிர்காலத்தில், மூடிய சன்னல்களுக்குள் அதை வளர்ப்பது வேறு. நாயும் பூனையும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து பழகியவை. பெரும்பாலான கிளியினங்களோ, கூண்டிலே பிறந்திருந்தாலும், இயல்பில் இன்னும் காட்டுப் பறவைகளே. ஆகவே பறவையை வாங்கும் முன்னரே அதன் தேவைகளை ஆராய்ந்து அறிவது இன்றியமையாதது.

எந்தக் கிளி?

ஆராய்ச்சி பெயரிலிருந்து தொடங்க வேண்டும். ஊரில் பலர் 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைக்கும் சிறு பறவை உண்மையில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜி ஆகும். லவ் பேர்ட் என்பது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். கியூபெக் கடைகளில் பெயர்ப்பலகைகள் பிரெஞ்சில் இருப்பதால் குழப்பம் மேலும் கூடும். 'பெருஷ் ஒந்துலே' என்பது பட்ஜி. 'கலோப்சித்' என்பது கொக்கட்டியல். 'பெரோக்கே' என்பது பொதுவாகப் பெரிய கிளிகளைக் குறிக்கும். கூண்டின் அளவு, உணவு, சத்தம், ஆயுள் ஆகிய அனைத்தும் இனத்துக்கு இனம் மாறுபடும். சரியான பெயரை அறியாமல் திரட்டும் தகவல் பயன்படாது.

எத்தனை ஆண்டுகளுக்கான பொறுப்பு?

நல்ல பராமரிப்பில் பட்ஜி 5 முதல் 10 ஆண்டுகளும், கொக்கட்டியல் 15 முதல் 20 ஆண்டுகளும், பச்சைக்கிளி 20 முதல் 30 ஆண்டுகளும் வாழக்கூடும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் பெரிய மக்கோ கிளிகளும் 40 ஆண்டுகளைக் கடந்தும் வாழ்பவை. ஐம்பது வயதில் ஒருவர் வாங்கும் சாம்பல் கிளி அவருக்குப் பின்னும் உயிரோடிருக்கலாம்.

இது வெறும் கணக்கன்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கூம்ஸ் என்னும் ஊரில், உரிமையாளர்களால் வைத்திருக்க முடியாமற்போன கிளிகளுக்கான பெரிய புகலிடம் ஒன்று இயங்கி வந்தது. அதை நிறுவியவர் காலமானபின் 2016ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிளிகளுக்குப் புதிய இடம் தேட வேண்டியதாயிற்று. அவற்றுட் பல, ஒரு காலத்தில் யாரோ ஒருவர் ஆசையோடு வாங்கி வளர்த்தவையே. எனவே, பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றபின் கிளியை யார் பார்ப்பார், முதியவர் நோயுற்றால் யார் பொறுப்பேற்பார் என்பதைக் குடும்பத்தினர் முன்கூட்டியே பேசி முடிவுசெய்வது நன்று.

சமையலறைக் காற்று

பறவைகளின் சுவாச மண்டலம் மிகவும் நுண்ணியது. காற்றிலுள்ள நச்சு அவற்றை மனிதரைவிட விரைவாகத் தாக்கும். தமிழ் வீடுகளில் இதற்குச் சிறப்பான கவனம் தேவை. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லும் தாச்சியும் அளவுக்கு மீறிச் சூடேறும்போது, ஏறத்தாழ 280 பாகை செல்சியசுக்கு மேல், அப்பூச்சிலிருந்து எழும் ஆவி பறவையைச் சில நிமிடங்களில் கொல்லக்கூடும். அடுப்பில் மறந்துவிட்ட வெறும் தோசைக்கல்லே இதற்குப் போதும். அந்த ஆவிக்கு மணமில்லை. வீட்டிலுள்ளோர் உணராமலே பறவை இறந்துவிடும். தானே சுத்தம் செய்துகொள்ளும் வகை வெதுப்பிகளும் சில வெப்பமூட்டிகளும் இத்தகைய ஆவியை வெளியிடலாம்.

செத்தல் மிளகாய் வறுக்கும் புகை, ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், சிகரெட், நறுமணத் தெளிப்பான் ஆகியவையும் தீங்கானவை. குளிர்காலத்தில் சன்னலைத் திறக்க இயலாத நிலையில் இப்புகை வீட்டுக்குள்ளேயே தங்கும். பறவையின் அறை சமையலறைக்கும் சாமியறைக்கும் தொலைவில், கதவுடையதாக இருக்க வேண்டும். இரும்பு அல்லது துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரங்களுக்கு மாறுவது பாதுகாப்பானது. அதற்கு வீட்டார் உடன்படாவிடின், பறவை வளர்க்கும் எண்ணத்தைக் கைவிடுவதே நேர்மையான முடிவு.

உணவு

விதை மட்டும் கொடுத்தால் போதும் என்பது பரவலான தவறான கருத்து. சூரியகாந்தி விதை கொழுப்பு மிக்கது. அதையே உண்டு வாழும் கிளிக்கு உயிர்ச்சத்து ஏ குறைபாடும் ஈரல் நோயும் உண்டாகலாம். கிளிகளுக்கெனத் தயாரிக்கப்படும் குறுணைத் தீவனத்தை அடிப்படையாக வைத்து, கீரை, கரட், பூசணி, மிளகாய், அளவான பழம் ஆகியவற்றைச் சேர்ப்பது பொதுவான பரிந்துரை. மிளகாயின் உறைப்பைப் பறவைகள் உணர்வதில்லை. ஆகவே கிளி மிளகாயை விரும்பி உண்பதில் வியப்பில்லை.

அவகாடோ, சாக்லேட், கோப்பி, தேநீர், மதுபானம், வெங்காயம், உப்பும் எண்ணெயும் மிகுந்த பலகாரங்கள் ஆகியவற்றைத் தரலாகாது. விருந்தினர் அன்போடு நீட்டும் மிக்சரும் முறுக்கும் சிறு பறவைக்குப் பேராபத்து என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

ஒளி, குளிர், உறக்கம்

மொன்றியால் வட்டாரத்தில் மார்கழியின் குறுகிய நாளில் பகலொளி 9 மணித்தியாலத்துக்கும் குறைவு. சன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுப்பதால், கண்ணாடியருகே வைப்பதால் மட்டும் பறவைக்கு உயிர்ச்சத்து டி கிடைத்துவிடாது. சாம்பல் கிளிகள் கல்சியக் குறைபாட்டுக்கு எளிதில் ஆளாகின்றன. பறவைகளுக்கான சிறப்பு விளக்கு தேவையா என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டறியலாம். வெப்பமூட்டியால் உலர்ந்த காற்று இறகையும் தோலையும் வாட்டும். ஈரப்பதமூட்டியும் நாள்தோறும் குளிக்க ஒரு கிண்ணம் நீரும் உதவும்.

கிளிக்கு இரவில் 10 முதல் 12 மணித்தியால உறக்கம் தேவை. தொலைக்காட்சி நள்ளிரவுவரை ஓடும் வரவேற்பறை அதற்கு ஏற்ற இடமன்று. தை மாதத்தில் திறந்த கதவு வழியே பறந்துபோகும் கிளி உயிர்பிழைப்பது அரிது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

தனிமையும் சத்தமும்

ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அறிவியலாளர் 1977 முதல் ஆய்வு செய்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, நூறளவு சொற்களைக் கற்று, நிறத்தையும் வடிவத்தையும் எண்ணிக்கையையும் வேறுபடுத்திக் கூறியது. இத்தகைய அறிவுடைய உயிர் நாள் முழுதும் கூண்டில் தனித்திருந்தால் சலிப்புற்றுத் தன் இறகைத் தானே பிடுங்கவும், ஓயாது அலறவும் தொடங்கலாம். நாள்தோறும் சில மணித்தியாலங்கள் கூண்டுக்கு வெளியே, மனிதர் துணையோடு அது இருக்க வேண்டும். பெற்றோர் இருவரும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் செல்லும் வீட்டில் இது இயலுமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேசும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்குவதும் தகாது. பல கிளிகள் ஒருபோதும் பேசுவதில்லை.

விடியலிலும் மாலையிலும் உரக்கக் கத்துவது கிளியின் இயல்பு. அடுக்குமாடிக் குடியிருப்பில் அயலவர் முறையிட இடமுண்டு. வாடகை ஒப்பந்தமும் கட்டட விதிமுறைகளும் விலங்கு வளர்ப்பைத் தடைசெய்கின்றனவா என்பதை வாங்கும் முன்னரே படித்தறிய வேண்டும். யூலை 1ஆம் திகதி வீடு மாறும் வழக்கமுள்ள கியூபெக்கில், புதிய வீட்டில் அனுமதியில்லாமையால் கைவிடப்படும் விலங்குகள் ஆண்டுதோறும் பல.

வைத்தியம்

காட்டில் நோயைக் காட்டும் பறவை இரையாகிவிடும்; ஆதலால் கிளி தன் நோயை மறைக்கும் இயல்புடையது. இறகு சிலிர்த்து அமர்தல், கூண்டின் தரையில் இருத்தல், மூச்சுக்கேற்ப வால் ஆடுதல், உண்ணாமை ஆகியவை அவசர அறிகுறிகள். கிராம் அளவு காட்டும் சமையலறைத் தராசில் கிழமைதோறும் நிறுத்துக் குறித்துவைத்தால், எடை 10 வீதம் குறைந்ததை உடனே அறியலாம்.

எல்லா மிருக வைத்தியர்களும் பறவைகளைப் பார்ப்பதில்லை. பறவை வைத்தியம் செய்பவர் அருகில் எங்குள்ளார், கட்டணம் எவ்வளவு என்பதைப் பறவை வரும் முன்னரே தொலைபேசியில் விசாரிப்பது நன்று. மொன்றியால் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் சென் யசேந்த் நகரில் அமைந்துள்ளது. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிற்றக்கோசிஸ் என்ற நோயும் உண்டு. வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், கிளி வளர்ப்பதை மருத்துவரிடம் கூற வேண்டும்.

சட்டம் கூறுவது

2015 முதல் கியூபெக் குடியியல் சட்டக்கோவை விலங்குகளைப் பொருளாகக் கருதாது, உணர்வும் உயிரியல் தேவைகளும் உடையனவாக ஏற்கிறது. பட்ஜி, கொக்கட்டியல், பச்சைக்கிளி போன்ற சிலவற்றைத் தவிர, ஏனைய கிளியினங்கள் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் அடங்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 முதல் அதன் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் உள்ளது. இத்தகைய கிளியோடு அமெரிக்காவிலுள்ள உறவினரைக் காணச் செல்வதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். இந்தியாவில் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். ஊரிலிருந்து கிளி கொண்டுவர எவரும் முயலலாகாது.

முடிவெடுக்கும் முன்

கிளி வளர்க்கும் ஒரு குடும்பத்தை விடியற்காலையில் சென்று பார்த்தால், கடையில் ஒரு மணி நேரம் நிற்பதைவிட மிகுதியாக அறியலாம். கைவிடப்பட்ட பறவையைப் புகலிடத்திலிருந்து தத்தெடுப்பதும் நல்வழியே. அதன் குணமும் உடல்நிலையும் அங்குள்ளோர்க்குத் தெரிந்திருக்கும். லவாலில் விலங்கு வளர்ப்புக்கான நகரசபை விதிகளை 311 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்தபின் 'இப்போது வேண்டாம்' என்று ஒரு குடும்பம் முடிவுசெய்தால், அது தோல்வியன்று. ஓர் உயிருக்குச் செய்த நன்மை. 'வேண்டும்' என்று முடிவுசெய்தாலோ, கூண்டும் அறையும் வைத்தியரும் ஆயத்தமான வீட்டிற்கே அந்தக் கிளி வந்து சேரும்.