சோறும், இரத்தச் சர்க்கரையும், தேகப் பருமனும்

நாகப்பட்டினம் ஜில்லாவைச் சேர்ந்த கீழ்வேளூர் தாலுகா காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியாகும். இங்கே நெல்லே பிரதான பயிர். அரிசியே பிரதான ஆகாரம். முற்காலத்தில் நடவும், அறுப்பும், கதிரடிப்பும் தேக உழைப்பினாலேயே நடைபெற்றன. இக்காலத்தில் டிராக்டர், நடவு இயந்திரம், அறுவடை இயந்திரம் ஆகியவை அவ்வேலைகளிற் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டன. உழைப்புக் குறைந்தும் சோற்றின் அளவு குறையாத குடும்பங்களில் தேகம் பருப்பதும், பின்னர் நீரிழிவு காண்பதும் இயல்பு. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோர் 100 பேரில் ஏறக்குறைய 14 பேருக்கு இவ்வியாதி உண்டெனக் கூறுகிறது.

சோற்றிலுள்ள மாவுச்சத்து ஜீரணமாகிக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக இரத்தத்திற் சேருகிறது. உடனே இரைப்பையின் பின்புறமுள்ள கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. மதகைத் திறந்தாலன்றி வாய்க்கால் நீர் வயலிற் பாயாது. அதுபோல, இன்சுலினின்றித் தசைகள் சர்க்கரையைச் சரிவர ஏற்பதில்லை. ஈரலும் தசைகளும் ஓரளவே சேமிக்கும். மிகுதி கொழுப்பாக மாறும். அன்றியும், இன்சுலின் மிகுந்துள்ள வரையில் முன்பு சேர்ந்த கொழுப்புக் கரைவதும் தடைப்படும். வயிற்றினுள் கொழுப்பு மிகுந்தால் தேகம் இன்சுலினுக்கு எளிதில் இணங்குவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து, பல வருஷங்களில் தளர்கிறது. அப்பொழுது இரத்தச் சர்க்கரை உயர்ந்தே நிற்கும். ஆயினும் பருமனுக்கு இன்சுலின் ஒன்றே காரணமன்று. செலவாவதற்கு மேல் உண்பதே மூலமாகும்.

சோற்றை அறவே விலக்க வேண்டுவதில்லை. உண்கலத்திற் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, மீன் அல்லது முட்டையும், கால் பங்கு சோறுமாக அமைத்துக் கொள்வது நலம். மிகவும் தீட்டிய அரிசியில் தவிடும் நாரும் நீங்கிவிடுவதால், குறையத் தீட்டியதே மேலானது. சம்பா அறுவடைக்கு முன் வயலில் தெளிக்கும் உளுந்து, பச்சைப்பயறு ஆகியவற்றின் மகசூல் முழுவதையும் விற்றுவிடாமல், வீட்டுச் செலவுக்கு வேண்டியதை நிறுத்திக் கொள்ளுதல் உசிதம். உண்ட பின் கால் மணி நேரம் நடந்தால் தசைகள் சர்க்கரையை நன்கு ஏற்கும்.

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மிகுந்தால் சோதனை அவசியம். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100-க்குக் கீழிருப்பது சுகம். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் மறுசோதனையிலும் காணின் நீரிழிவெனத் தீர்மானிக்கப்படும். முயற்சியின்றித் தேகம் இளைத்து, தாகமும் சிறுநீரும் மிகுந்தால், எடை குறைந்ததென மகிழாது உடனே டாக்டரைக் காண வேண்டும்.

இன்சுலின் ஊசியால் பருமன் கூடுமென்று அஞ்சி அதனை நிறுத்துவோர் உண்டு. சிறிது எடை கூடுதல் மெய்யே. ஆனால் தாமாக நிறுத்துவது உயிருக்கே அபாயம். 1922-ல் டொராண்டோ நகரில் இம்மருந்து முதன்முதல் செலுத்தப்படும் வரை, நீரிழிவு கண்ட சிறுவர்கள் நெடுநாள் பிழைத்ததில்லை. ஊசி போடுவோர் உணவைத் தவிர்த்து வயலுக்குச் செல்லலாகாது. நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே சர்க்கரை உண்ண வேண்டும். அதனை மடியில் வைத்திருப்பது நன்று.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனை இலவசம். கிராம அதிகாரிகள் இதனை ஊரறிய அறிவித்து, 30 வயது கடந்த ஒவ்வொருவரும் வருஷம் ஒருமுறையேனும் சோதித்துக் கொள்ளுமாறு செய்வாராயின், பல குடும்பங்கள் நஷ்டத்தினின்றும் தப்பும்.