சோலைவரியும் தைமாதக் கழிவும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே நாவுல என்னும் ஊர் உள்ளது. தெருவோரத்தில் கடைகளும் வீடுகளும், சற்று உள்ளே சென்றால் வயல்களும் காணலாம். இத்தகைய ஊரிலே வீடுடையவர் செலுத்தும் சோலைவரி எவ்வாறு கணிக்கப்படுகின்றது?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமே இதற்கு அடிப்படை. சபை எல்லை முழுவதற்கும் இவ்வரி இல்லை. விருத்தியடைந்த பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என மதிப்பிடுவர். அதுவே ஆண்டுப் பெறுமதி. அதில் நூற்றுக்கு இவ்வளவு எனச் சபை வரி விதிக்கும். தம் வீட்டில் தாமே குடியிருப்பவர் கைக்கு வாடகைக் காசு ஒன்றும் வருவதில்லை. ஆயினும் வரி உண்டு. மனக்குறை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இக்குறை முற்றி, 1978 ஜூன் 6ஆம் நாள் மக்கள் வாக்கெடுப்பில் முடிந்தது. பதின்மூன்றாம் பிரேரணை எனப்பட்ட அதனை, வாக்களித்தோருள் நூற்றுக்கு 60க்கு மேற்பட்டோர் ஆதரித்தனர். வரி பெறுமதியில் நூற்றுக்கு ஒன்றாக மட்டுப்படுத்தப்பட்டது. அப்பெறுமதியும் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் உயரலாகாது. வீடு கைமாறினாற்றான் புதுவிலை கணக்கில் வரும். வீட்டை விற்க நேருமோ என அஞ்சிய முதியோர் ஆறுதலடைந்தனர். ஆனால் ஒரே மாதிரியான இரு வீடுகளுள், பழங்குடியினர் சொற்பமும் புதிதாய் வாங்கியவர் பன்மடங்கும் செலுத்தும் விந்தையும் உடன் வந்தது.

நமது நாட்டில் வரியை வாக்கெடுப்புக்கு விடும் வழக்கம் இல்லை. நமக்குள்ள சலுகை நாட்காட்டியில் இருக்கின்றது. ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி 31க்குள் செலுத்தினால் நூற்றுக்கு 10 கழிவு. காலாண்டின் முதல் மாதத்திலே அக்காலாண்டுக்குரியதைச் செலுத்தினால் நூற்றுக்கு 5. சம்பளக்காரருக்கும் கடைக்காரருக்கும் இது நன்றே. பெரும்போக நெல்லை நம்பியிருப்பவர் தைமாதக் கடைசியில் என்ன செய்வார்? கதிர் இன்னும் களத்துக்கு வந்திராது. மாசி, பங்குனியிலே அறுவடை முடிந்து பணம் கைக்கு வரும்போது பத்துக்குரிய நாள் போய்விடும். முதற் காலாண்டுக்கு ஐந்தும் கிட்டாது. ஆண்டுத் தொடக்கத்திலே தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் சபைக்குப் பணம் வேண்டும் என்பது மெய்யே. ஆயினும், வயற்புறத்துச் சபைகளுக்கேனும் இந்நாளைச் சித்திரைக்குத் தள்ளிவைத்தால் என்ன என்று கேட்பது தவறாகாது.

மதிப்பீடு மிகையெனக் கருதுவோர், அறிவித்தலிற் குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். நம்மவர் பலர் அந்த அறிவித்தலை வாசியாமலே மடித்துக் கூரைச் சிலாகையில் செருகிவிடுகின்றனர்.