விளக்கைத் தூக்கிப் பிடித்த கிழவர்: ஒன்பதாம் டாரட் சீட்டின் கதை

நம் சங்க மலருக்கு ஆண்டுதோறும் ஏதாவது எழுதித் தருகிறேன். வழக்கமாகக் கல்வெட்டு, சமணர் படுக்கை என்றுதான் இருக்கும். இம்முறை ஒரு சீட்டைப் பற்றி எழுதுகிறேன். ‘வயசான காலத்தில் சீட்டாட்டத்தில் இறங்கிவிட்டாரா?’ என்று அன்பர்கள் எண்ண வேண்டாம். காரணம் இருக்கிறது.

போன வருஷம் என் தம்பி மகள், அலுவலகத் தோழிகளோடு ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தாள். அங்கே டாரட் சீட்டு போட்டுப் பலன் சொல்லும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். அதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள். வந்தது ஒன்பதாம் சீட்டு, ‘ஹெர்மிட்’. துறவி என்று பொருள். “உனக்குத் தனிமைதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு என்னிடம் மட்டும் வந்து, “பெரியப்பா, வரன் பார்க்கிறதை நிறுத்தச் சொல்லுங்க” என்றாள்.

கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? “அந்தச் சீட்டை எனக்குக் காட்டும்மா” என்றேன். நாற்பது வருஷம் பாத்திரக் கடை நடத்தியவன் நான். எந்தச் சரக்கானாலும் யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் வாங்கியதில்லை. இதையும் அப்படியே விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலில் படத்தைப் பார்ப்போம். பனி மூடிய மலையுச்சியில் வெண்தாடிக் கிழவர் ஒருவர் நிற்கிறார். தலையை மூடிய சாம்பல் நிற அங்கி. இடது கையில் நீண்ட கோல். வலது கையில் முகத்துக்கு நேராகத் தூக்கிய லாந்தர். அதனுள் சுடருக்குப் பதிலாக ஆறு முனை நட்சத்திரம். தலை கவிழ்ந்து பார்வை கீழே இருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. தனிமை என்று சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. பார்த்த மாத்திரத்தில் அப்படித்தான் தோன்றும்.

இந்தப் படத்தை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. வரையச் சொன்னவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். லண்டனில் ரைடர் என்ற பதிப்பகம் 1909இல் வெளியிட்டது. நெடுங்காலம் அந்தக் கட்டுக்கு ‘ரைடர்-வெயிட்’ என்றே பெயர். வரைந்தவள் பெயர் அதில் இல்லை. பெரிய வேலை, சொற்பக் கூலி என்று அந்த அம்மாள் கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறார்.

ஆனால் சீட்டின் வயது அதைவிட மிகப் பெரியது. டாரட் என்பது 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்காக உண்டான கட்டு. மொத்தம் 78 சீட்டுகள். 56 நம் சாதாரணச் சீட்டு போல நான்கு இனம். மற்ற 22 படச் சீட்டுகள். ஏறத்தாழ 300 வருஷம் அது பெரும்பாலும் ஆட்டமாகவே இருந்தது. 1781இல் பிரான்சில் கூர் த ழெபலாங் என்ற அறிஞர், ‘இது எகிப்தியரின் ஞான நூல்’ என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822இல்தான். அதாவது, அந்த எழுத்தை யாரும் வாசிக்க முடியாத காலத்தில் கட்டிய கதை அது! இன்றுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. பலன் சொல்லும் வழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான்.

இனி முக்கியமான விஷயம். மிலான் பிரபுக்களான விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா குடும்பத்துக்கு, 15ஆம் நூற்றாண்டின் நடுவில், பொன் பூசிக் கையால் வரைந்த சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. அதிலும் இதே கிழவர் வருகிறார். ஆனால் கையில் விளக்கு இல்லை, மணற்கடிகாரம்! பழைய இத்தாலியப் பட்டியல்களில் இவருக்குக் காலம், கிழவர், கூனர் என்றெல்லாம் பெயர். துறவி என்ற பேச்சே இல்லை. பிற்பாடு மரக்கட்டை அச்சில் மலிவுச் சீட்டுகள் வந்தபோது, மணற்கடிகாரம் லாந்தராக மாறிப்போனது. இரண்டுக்கும் உருவம் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததே காரணம் என்று கருதுகிறார்கள். பிரெஞ்சு மார்சேய் கட்டில் அவர் விளக்கேந்திய துறவியாகிவிட்டார். இப்படிக் கை மாறிக் கை மாறிப் பொருள் மாறிய ஒரு படம், நம் வீட்டுப் பெண்ணின் விதியை எப்படிச் சொல்லும்?

வெயிட் என்ன சொல்கிறார் என்றும் பார்த்தேன். அவர் தந்த பலன் பட்டியலில் முன்யோசனை, எச்சரிக்கை இருக்கின்றன. துரோகம், பாசாங்குகூட இருக்கின்றன. தனிமை என்ற சொல் இல்லை! இவர் உண்மையைத் தேடி அலைபவர் அல்லர், அடைந்தவர் என்பதே வெயிட்டின் விளக்கம். தாம் வந்த இடத்துக்கு மற்றவரும் வரலாம் என்று ஒளி காட்டுகிறாராம்.

இதை என் தொழிலறிவும் ஒப்புக்கொள்கிறது. கடை வைத்த புதிதில் அரிக்கேன் விளக்கு நிறைய விற்றிருக்கிறேன். இருட்டில் தனக்காக நடப்பவன் விளக்கை முழங்கால் மட்டத்தில் தொங்கவிட்டுத்தான் நடப்பான். காலடி தெரிய வேண்டுமே! முகத்துக்கு நேரே தூக்கினால் கண் கூசும், பாதை தெரியாது. அப்படித் தூக்குகிறவன் வேறு யாரோ வருவதற்காகத் தூக்குகிறான். கிழவர் கீழே பார்ப்பதும் அதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது.

ஒரு சமணனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் திகம்பர முனிவர் கையில் மயிற்பீலியும் கமண்டலமும்தான் உண்டு. விளக்கு ஏந்துவதில்லை, இரவில் நடப்பதும் இல்லை. காலடியில் சிற்றுயிர் மாளும் என்ற அச்சம். ஆகவே சீட்டிலிருப்பவர் நமக்குத் தெரிந்த துறவி அல்லர், ஐரோப்பியக் கற்பனை. ஆனால் துறவு வேறு, தனிமை வேறு என்பதை எங்கள் முனிவர்களிடமும் காணலாம். மழைக்காலம் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கும்போது, இல்லறத்தார் தினமும் வந்து உபதேசம் கேட்பார்கள். எல்லாவற்றையும் விட்டவரைச் சுற்றித்தான் அத்தனை கூட்டம்!

இதையெல்லாம் ஒரு வாரம், சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அவளிடம் சொன்னேன். கடைசியில் கேட்டாள்: “சரி பெரியப்பா, வரன் ஜாதகத்தை மட்டும் நம்ம வீட்ல பார்க்கிறாங்களே, அது என்ன?”

எனக்குப் பதில் வரவில்லை. அவரவர் வினை அவரவரோடு என்று சொல்லும் சமயத்தில் பிறந்தும், ஜாதகக் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் நாங்கள். “நீ கேட்டது நியாயம்” என்று ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவள் சிரித்தாள். அடுத்து வந்த வரனைப் பார்க்கச் சம்மதித்தாள். கல்யாணம் ஆகுமா ஆகாதா என்பது அவள் பாடு. அது எந்தச் சீட்டிலும் இல்லை.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பிள்ளைகள் இப்படி ஏதாவது கொண்டுவந்து கலங்கி நின்றால், ‘மூடநம்பிக்கை’ என்று எடுத்தெறிந்து பேசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “எங்கே, காட்டு பார்ப்போம்” என்று கேளுங்கள்.