பிளொப்பிக்குள் அப்பம்மா

டோர்ட்மண்டுக்கு எங்களுக்கு முன்னரே வந்த சித்தப்பா, ஊரிலிருந்து தபாலில் வந்த அப்பம்மாவின் படத்தை ஸ்கேன் செய்து பிளொப்பியில் வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அந்தப் படம் தொலைந்தது. மிஞ்சியது ‘பி.சி.எக்ஸ்.’ கோப்பு ஒன்றுதான்.

1980களில் அமெரிக்காவின் இசட்சொஃப்ட் நிறுவனம் தனது பெயின்ட்பிரஷ் செயலிக்கு உருவாக்கிய வடிவம் அது. ஒரே நிறம் தொடர்ந்து வந்தால் ஒருமுறை எழுதி, எத்தனை தடவை என்று குறித்துவிடும். ஒருதரம் 63 வரை. கோட்டுப்படத்துக்கு நல்ல சிக்கனம், முகங்களுக்கு அவ்வளவு இல்லை. ஜேபெக், பி.என்.ஜி. வந்தபின் அதைத் தேடுவாரில்லை. இன்றைய விண்டோசிலுள்ள பெயின்ட் அதைத் திறக்காது.

யூ.எஸ்.பி. பிளொப்பி றைவ் வாங்கி, இர்ஃபான்வியூ என்ற இலவசச் செயலியில் திறந்தோம். அப்பம்மா சிரித்தா. சித்தப்பா எழும்பி வெளியே போய்விட்டார்.

பி.என்.ஜி.யாகச் சேமித்து, கடையில் அச்சும் போட்டோம். உங்கள் உறவினரிடமும் பிளொப்பி கிடந்தால், எறியமுன் கேட்டு வாங்குங்கள்.