தங்கமீன் தலைகீழாக மிதந்தால்

தங்கமீனின் முதுகெலும்புக்குக் கீழே வாயு நிரம்பிய பை ஒன்று இருக்கிறது. அதற்குக் காற்றுப்பை என்று பெயர். மீனின் தசையும் எலும்பும் தண்ணீரைவிடக் கனமானவை. அந்தக் கனத்தை ஈடுகட்டுவது இந்தப் பைதான். அதிலுள்ள வாயுவைக் கூட்டியும் குறைத்தும், அதிகம் துடுப்படிக்காமலே வேண்டிய ஆழத்தில் மீன் நிற்கிறது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த தங்கமீனுக்கு இந்தப் பை முன்னறை, பின்னறை என இரண்டாக இருக்கும். பின்னறையிலிருந்து கிளம்பும் மெல்லிய குழல் ஒன்று உணவுக்குழாயில் போய்ச் சேர்கிறது. முன்னறை சின்னஞ்சிறு எலும்புகளின் வழியே காதோடு தொடர்புடையது. மீன் ஒலியை உணர அது துணைசெய்கிறது.

இந்த ஏற்பாடு குலைந்தால் மீனின் சமநிலை தவறும். சில மீன்கள் மேலே மிதந்துவிடும். எவ்வளவு முயன்றாலும் அடியில் நிற்க முடியாது. சில அடியிலேயே கிடக்கும். சிரமப்பட்டு எழும்பினாலும் மீண்டும் அமிழ்ந்துவிடும். ஒருக்களித்து நீந்துவது, வால் மேலும் தலை கீழுமாகத் தொங்குவது, வயிறு மேலாகக் கவிழ்வது ஆகியவையும் இதன் அறிகுறிகளே. பேச்சுவழக்கில் இதைக் காற்றுப்பை நோய் என்கிறார்கள். உண்மையில் இது தனி நோயல்ல; வெவ்வேறு கோளாறுகளின் பொதுவான அடையாளம். ஆகவே ஒரே மருந்து எல்லா மீனுக்கும் பலிப்பதில்லை.

மற்றவற்றைவிட உருண்டை உடல் கொண்ட வகைகளையே இந்தக் கோளாறு அதிகம் தாக்குகிறது. ஒராண்டா, ரியுகின், ரான்சு, முத்துச்செதில் போன்றவை பல தலைமுறைத் தேர்வு வளர்ப்பில் உருவானவை. அவற்றின் உடல் குறுகிவிட்டதால் குடலும் காற்றுப்பையும் இடநெருக்கடியில் இருக்கின்றன. குடல் சற்றே உப்பினாலும் பை அழுந்தும். மூதாதையரைப் போல நீண்ட உடல் கொண்ட சாதாரண தங்கமீனுக்கும் காமெட் வகைக்கும் இந்தத் தொல்லை குறைவு.

காரணங்களில் முதலில் நிற்பது உணவு. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. உணவு நேரே குடலுக்குப் போகிறது. அளவுக்கு மீறித் தீனி போட்டால் மலச்சிக்கலும் வாயுத் தொல்லையும் வரும். மிதக்கும் தீனியை மேலே வந்து கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்குவது உண்டு. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும். அடுத்தது தண்ணீரின் தரம். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும், அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் செவுளைப் பாதித்து, உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. பாக்டீரியாத் தொற்று, பையில் நீர் கோத்தல், சிறுநீரகக் கட்டி, முட்டை தேங்குதல், அடிபடுதல், பிறவிக் குறை ஆகியவையும் காரணமாகலாம்.

சிகிச்சையைத் தண்ணீரிலிருந்து தொடங்குவதே முறை. மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியைக் கொண்டு பார்த்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். புதுத் தண்ணீர் தொட்டியின் வெப்பநிலையிலேயே இருப்பதும், குழாய்த் தண்ணீரானால் அதிலுள்ள குளோரின் நீக்கப்பட்டிருப்பதும் முக்கியம்.

பிறகு 2 அல்லது 3 நாள் தீனியை நிறுத்தலாம். நன்றாக இருந்த வளர்ந்த மீனுக்கு அதனால் தீங்கில்லை. அதன்பின் பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கிச் சிறு துணுக்குகளாகக் கொடுக்கலாம். அதிலுள்ள நார்ச்சத்து குடலை இளக்கும். மலச்சிக்கல்தான் காரணம் என்றால் சில நாளில் மீன் தேறும். தொற்றோ கட்டியோ இருந்தால் பட்டாணியால் பயனில்லை.

மீன் தேறும்வரை தண்ணீர் மட்டத்தைத் தாழ்த்தினால் மேலும் கீழும் போய்வரும் உழைப்பு குறையும். ஃபில்டரின் வேகத்தையும் தணிக்கலாம்; ஆனால் ஏர் பம்ப் ஓட வேண்டும். அடியில் கிடக்கும் மீனின் வயிறு கூழாங்கல்லில் உரசிப் புண்ணாகும் என்பதால் கல்லை அகற்றிவிடுவது நல்லது. மிதக்கும் மீனின் உடல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் உலர்ந்து புண்ணாகும். அதைக் கவனித்துவர வேண்டும். அயோடின் சேர்க்காத உப்பை லிட்டருக்கு 1 கிராம் கரைப்பது மீனின் சோர்வைக் குறைக்கும். உப்பு ஆவியாகாது, தண்ணீர் மாற்றும்போது வெளியேறும் அளவை மட்டுமே மீண்டும் சேர்க்க வேண்டும். தொட்டியில் செடிகள் இருந்தால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு உப்பு போடலாம்.

ஒரு வாரத்திலும் முன்னேற்றம் இல்லையென்றாலோ, செதில்கள் சிலிர்த்து வயிறு வீங்கினாலோ, துடுப்புகளில் இரத்தக் கோடுகள் தெரிந்தாலோ, மீன் மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். எக்ஸ்ரேயில் வாயு கறுப்பாகத் தெரிவதால் பையின் அளவு, இடம், நீர்க்கோவை ஆகியவை புலப்படும். தேவைப்பட்டால் ஊசியால் வாயுவை எடுப்பதும் உண்டு. ஆனால் அது மறுபடி நிரம்பலாம். தொற்று உறுதியாகாமல் தொட்டியில் ஆண்டிபயாடிக் கலப்பது தவறு. அது நோயைத் தீர்க்காமலே, அம்மோனியாவை அகற்றும் நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடக்கூடும்.

முழுதாகக் குணமாகாத மீன்களும் உண்டு. உணவை வாயருகே கொடுத்தால் தின்று, புண்ணின்றி இருக்கும் மீன் சாய்ந்த நிலையிலும் நெடுநாள் வாழும். தின்பதை நிறுத்தி வதைபடும் மீனுக்கு, மயக்க மருந்தால் வலியில்லாத முடிவைத் தர மருத்துவரால் முடியும்.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. மூழ்கும் குருணைத் தீனியை வாங்கி, ஊறவைத்து, 2 நிமிடத்தில் தின்று தீரும் அளவே போட வேண்டும். கீரையும் பட்டாணியும் அவ்வப்போது சேரலாம். கண்ணாடிக் கிண்ணம் தங்கமீனுக்கு ஏற்ற இடமல்ல. ஃபில்டர் பொருத்திய விசாலமான தொட்டியே தகும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுவதும், புதிதாக வாங்கிய மீனைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். வாங்கும்போதே கடைத் தொட்டியில் மீன் நேராக நிற்கிறதா, தீனிக்குப் பிறகும் சாயாமல் நீந்துகிறதா என்று பார்த்துத் தேர்ந்தால் பிறவிக் குறையுள்ள மீன்களைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.