தேனீ வளர்ப்பு: புதிதாய்த் தொடங்குவோர் அறிய வேண்டியவை

சென்னைக்கு மேற்கேயுள்ள பாடி முன்னாளில் தனிக் கிராமம். இன்றோ தொழிற்சாலைகளும் வீடுகளும் நிறைந்து மாநகராட்சிக்குள் அடங்கியிருக்கிறது. ஆயினும் அங்குள்ள வேம்பும் புங்கும் முருங்கையும் தென்னையும் பூக்கத் தவறுவதில்லை. பூந்தமல்லிக்கு அப்பாலுள்ள கிராமங்களில் புளியும் உண்டு. இப்பூக்களின் தேனிற் பெரும்பகுதி சேகரிப்பாரின்றி வீணாகிறது. இரண்டு பெட்டிகள் வைத்துப் பராமரிக்கும் குடியானவருக்கு அது உபவருமானமாகும். மகரந்தச் சேர்க்கையால் தோட்டத்தில் காய்ப்பும் பெருகும்.

ஏற்ற ஜாதி

மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வெளியில் ஒற்றை அடை கட்டுவன, பெட்டியில் தங்கா. மரப்பொந்து, புற்று முதலிய இருளான இடங்களில் பல அடைகளை வரிசையாய்க் கட்டும் அடுக்குத்தேனீயே புதியவர்களுக்குத் தகுந்தது.

பெட்டி

திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் 1910-ஆம் ஆண்டையடுத்து இத்தேனீயின் உடலளவுக்கேற்ப அமைத்த பெட்டி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அடிப்பகுதி புழு வளர்க்கும் அறை. மேற்பகுதி தேன் அறை. சட்டங்களைத் தனித்தனியே எடுக்கலாமாதலால், அடையைச் சிதைக்காமல் தேனைப் பிரிக்க இயலும். மார்த்தாண்டத்தில் 1924-இல் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராம நிலையம் பெட்டி முறையைக் குடியானவர்களிடையே பரப்பியது. அவ்வட்டாரம் இன்றும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது.

காலமும் இடமும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈக்கள் வெளிச்செல்ல இயலா. ஆகவே தை, மாசியில் தொடங்குக. பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்குமுன் குடும்பம் பெருகிவிடும். நிழலும் அருகில் நல்ல நீரும் உள்ள இடத்தில், வாயில் கிழக்கு நோக்குமாறு பெட்டியை வைத்தல் நலம். தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை சட்டங்களைப் பார்வையிட வேண்டும். இராணி கண்ணிற் படாவிடினும், புதிய முட்டைகள் காணப்படின் அவள் இருப்பது உறுதி. பஞ்ச காலத்தில் சர்க்கரையும் நீரும் சமபங்காய்க் கலந்த பாகை மாலையில் பெட்டிக்குள் வைத்தல் வேண்டும். பகலில் வெளியே வைப்பின் அயற்கூட்டு ஈக்கள் கொள்ளையிட வரும். பழைய கறுத்த அடைகளை நீக்கினால் மெழுகுப்பூச்சி அண்டாது.

நோய்

1991, 1992-ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவிற் பரவிய பைப்புழு நோயால் எண்ணற்ற குடும்பங்கள் மடிந்து, பலர் தொழிலையே கைவிட்டனர். இது நச்சுயிரியால் வருவது. நோயுற்ற புழு நீர் நிறைந்த பைபோல் இறந்து கிடக்கும். இதற்கு மருந்தில்லை. ஆதலால் அறியாத இடத்துக் குடும்பத்தை மலிவென்று வாங்கலாகாது. புழு வளர்ப்பு ஒழுங்காயுள்ளதா என்று பார்த்தே கொள்ளுதல் வேண்டும்.

தேன் எடுத்தல்

மெழுகு மூடிய கண்ணறைகளில் உள்ளதே முதிர்ந்த தேன். மூடாததை எடுத்தால் புளித்துப்போம். மேலறைத் தேனை மாத்திரமே எடுத்து, கீழறையில் உள்ளதை ஈக்களின் உணவாக விடுக. அதையும் பறித்தால் மழைக்காலத்தில் குடும்பம் பசியால் மடியும், அல்லது பெட்டியை விட்டோடும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

பூக்கும் பயிருக்குப் பகலில் பூச்சிமருந்து தெளித்தால் அக்கம்பக்கத்துக் கூடுகள் அழியும். தெளிப்போர் முன்கூட்டித் தெரிவிக்கவும் மாலையில் தெளிக்கவும் ஏற்பாடு செய்தல் நலம். பொந்துகளில் உள்ள கூடுகளைத் தீயிட்டழிப்பதையும் தடுத்தல் வேண்டும். அவையே நாளைய பெட்டிகளுக்கு வித்து. பயிற்சி விரும்புவோர் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை அணுகலாம்.